மூச்சுக்குத் தவிக்கும் நேரம்

தருவைகுளத்தில் மூச்சின் அருமையை எவருக்கும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. பெரிய முத்துக்குளிப்புகள் 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயினும், மூழ்கினவன் கயிற்றை அசைத்தால் மேலிருப்பவன் தாமதியாமல் இழுக்க வேண்டும் என்பதை இக்கரை மறக்கவில்லை. அதே ஜனங்கள், படுக்கையில் ஒருவர் மூச்சுக்குத் தவிக்கையில், வந்திருப்பது புற்றுநோய் என்று கேட்டதும் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுகிறார்களே, அதுதான் நமக்கு விளங்குவதில்லை.

நமக்குப் பழக்கமான பெரியவர் ஒருவர், ஒரு காலத்தில் சங்கு குளித்தவர், பத்து நாளாய்ப் படுக்க முடியாமல் தலையணையில் சாய்ந்தபடியே இரவுகளைக் கழித்தார். "புற்று நெஞ்சுக்கு ஏறிவிட்டது. இனி அறுத்து என்ன ஐயா ஆகப் போகிறது? இருக்கிற நாள் வீட்டிலேயே கிடக்கட்டும்" என்றார் மகன். அறுப்பதற்கு அங்கே அவசியமே இல்லை. நுரையீரலைச் சூழ்ந்த இரு படலங்களுக்கு நடுவே சாதாரணமாய் இரண்டு மூன்று தேக்கரண்டி நீரே இருக்கும். புற்று அங்கே பரவினால் அது லிட்டர் கணக்கில் பெருகி நுரையீரலை நசுக்குகிறது.

நாம் வற்புறுத்தித் தூத்துக்குடிக்கு அழைத்துச் சென்றோம். அக்குளுக்குச் சற்றுக் கீழே மரத்துப்போக மருந்திட்டு, விலா எலும்பின் மேல்விளிம்பை ஒட்டி ஒரு குழாயைச் செலுத்தினார்கள். கீழ்விளிம்பில் ரத்தக்குழாய் ஓடுகிறதாம். குழாயின் மறுமுனை ஒரு புட்டித் தண்ணீருக்குள் அமிழ்ந்திருக்கும். வெளிக்காற்று உள்ளே நுழையாதபடி அத்தண்ணீரே கதவாகக் காக்கிறது. ஹாம்பர்க் நகரத்து வைத்தியர் ப்யூலாவ் 19-ஆம் நூற்றாண்டில் கையாண்ட யுக்தி இது. ஒன்றரை லிட்டர் வடிந்ததும் நிறுத்திவைத்தார்கள். நசுங்கிய நுரையீரல் திடீரென விரிந்தால் அதற்குள்ளேயே நீர் கோத்துக்கொள்ளக் கூடும். பிறகு, நீர் மீண்டும் சேராதிருக்க, படலங்களை ஒட்டவைக்கும் டால்க் பொடியை உள்ளே செலுத்தினார்கள். முதல் இரவே பெரியவர் கால் நீட்டிப் படுத்து உறங்கினார்.

இருதய உறையில் நீர் சேர்வது இதனினும் பொல்லாதது. விரைவாய்ச் சேர்ந்தால் ஒரு டம்ளர் நீரே இருதயத்தை விரியவொட்டாமல் இறுக்கிவிடும். ஊசியால் அதை எடுப்பதோ, உறையில் சிறு ஜன்னல் திறப்பதோ உடனே நடந்தாக வேண்டும். முகமும் கழுத்தும் வீங்கினாலும், இருமலில் ரத்தம் கொட்டினாலும், பொழுது விடியட்டும் என்று காத்திருக்கலாகாது.

இச்சிகிச்சைகள் புற்றைப் போக்கா, அதை மறைப்பானேன்? தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி தொடங்கியபோது, குணமாகிறவர்களுக்கு மட்டுமென்று அதன் கதவைத் திறக்கவில்லை.

பெரியவர் அதன்பின் ஐந்து மாதம் இருந்தார். பேரன் புதுநன்மை வாங்கிய அன்று, யார் கையையும் பிடிக்காமல் கோவிலுக்கு நடந்தே போனார்.