ஓடாத டெஸ்ட் சத்தம் போடாது

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் குளித்துக் கொண்டிருந்தவர்கள் மேல் திடீரென்று காட்டு வெள்ளம் பாய்ந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்து போனார். மலைக்கு மேலே பெய்கிற மழை கீழே நிற்கிறவனுக்குத் தெரியாது, அதுதான் எங்க ஊர் அருவிகளின் குணம். பேரருவியில் தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டிக் கொட்ட ஆரம்பித்தால் போலீஸ்காரர்கள் எல்லோரையும் வெளியே அனுப்பி விடுவார்கள். ஆனால் மதுரையிலிருந்து வேன் பிடித்து வருகிறவருக்கு அந்தத் தடை இங்கே வந்து இறங்கிய பிறகுதான் தெரியும்.

எங்க புராஜெக்ட் அதற்காகத்தான். எந்த அருவியில் தடை என்று போனுக்கு அறிவிப்பு அனுப்பும் சின்ன ஆண்ட்ராய்டு ஆப். சீனியர் அண்ணன்மார் ஆரம்பித்தது, ஜூன் மாதம் எங்கள் கைக்கு வந்தது. கூடவே ஒரு தானியங்கி டெஸ்டும் வந்தது. தினமும் காலை 6 மணிக்கு ஒரு பொய் அருவிக்குத் தடை போட்டு, நிஜமான போனில் அறிவிப்பு வருகிறதா என்று அது பார்க்கும். நேரம் பார்த்துக் கிளப்பி விடுவது கிட்ஹப். வேலை செய்வது இலஞ்சியில் ஒரு நண்பன் வீட்டு மேசையில் கிடக்கும் பழைய லேப்டாப்பும், அதில் யுஎஸ்பி வயரால் கட்டிப் போட்ட போனும். (கிரானில் 30 0 என்று எழுதியிருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். நேர மண்டலம் சொல்லாவிட்டால் கணக்கு யுடிசியில்தான். நம்ம ஆறு மணி அங்கே 0:30.)

திறந்து பார்த்தால் எல்லாம் பச்சை! சிவப்பு ஒன்றுகூட இல்லை. அப்புறம்தான் தேதியைப் பார்த்தோம். கடைசிப் பச்சை ஏப்ரல் மாதத்தது.

காரணம் சாதாரணம். பொதுவில் திறந்து வைத்த ரெப்போவில் 60 நாள் எந்த அசைவும் இல்லையென்றால் கிட்ஹப் அட்டவணை வேலைகளைத் தானாகவே நிறுத்தி விடும். பிப்ரவரிக்குப் பிறகு யாரும் கோடைத் தொடவில்லை. பரீட்சை, வைவா, பிளேஸ்மென்ட்! ரெப்போவைப் பிரைவேட் ஆக்கினோம். எப்படியும் செய்ய வேண்டியதுதான். பொது ரெப்போவுக்குச் சொந்த மெஷினைக் கொடுத்தால், முன்பின் தெரியாதவர் அனுப்பும் கோடு நம்ம வீட்டு லேப்டாப்பில் ஓட வாய்ப்பிருக்கிறது.

மறுநாள் வேலை வரிசையில் நின்றது. நின்றது என்றால் நின்றதுதான், 24 மணி நேரம் காத்திருந்துவிட்டுத் தோற்றது. ரன்னரை டெர்மினலில் கையால் கிளப்பி விட்டிருக்கிறார்கள். சாரல் காற்றுக்கு எங்க பக்கம் கரண்ட் போகாத நாள் உண்டா? லேப்டாப் பேட்டரியோ எப்போதோ செத்தாச்சு. கரண்ட் திரும்பி வந்தாலும் அது தானாக எழுந்திருக்காது. பழைய டெஸ்க்டாப் ஒன்றுக்கு மாற்றி, கரண்ட் வந்ததும் பூட் ஆகும்படி பயாஸில் வைத்து, ரன்னரையும் சர்வீஸாகப் போட்டோம். அடுத்தது போன் முறைத்துக் கொண்டது. ஆண்ட்ராய்டு 11 முதல், ஏழு நாள் இணைக்காத கம்ப்யூட்டருக்குக் கொடுத்த ஏடிபி அனுமதியை போனே ரத்து செய்துவிடும். டெவலப்பர் ஆப்ஷனில் அதை அணைத்து வைக்கலாம். ஆனால் இது சிவப்பாகத் தெரிந்தது. சிவப்பு நல்லது, அது வாய் திறந்து பேசுகிறது.

பேசாமல் போவதுதான் ஆபத்து. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் கம்பெனியில் ஒரு பொறியாளர் தவறுதலாகத் தயாரிப்பு டேட்டாபேஸையே அழித்து விட்டார். சரி, பேக்கப் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால் பெட்டி காலி. தினசரி பேக்கப் 9.6 டேட்டாபேஸை 9.2 கருவி கொண்டு எடுக்கப் பார்த்துத் தோற்றுக் கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதைச் சொல்லும் மெயில்களையும் சர்வர் திருப்பி அனுப்பியிருக்கிறது. கடைசியில் சுமார் ஆறு மணி நேர டேட்டா போயே போச்சு. அவ்வளவு பெரிய ஆட்களுக்கே அந்தக் கதி.

அதனால் கூர்க்கா முறைக்கு வந்தோம் :-) ராத்திரி விசில் கேட்டால் ஆள் முழித்திருக்கிறான், கேட்காவிட்டால்தான் எழுந்து போய்ப் பார்க்க வேண்டும். டெஸ்ட் முடிந்ததும் வெளியே ஒரு சர்வருக்கு "நான் ஓடினேன்" என்று ஒரு தட்டு தட்டும். 7 மணிக்குள் அந்தத் தட்டு வராவிட்டால் எங்கள் மூன்று பேர் போனும் அலறும். 6 மணிக்கே அலறாமல் ஒரு மணி நேரம் விட்டது, கிட்ஹப் கூட்டமான சமயத்தில் தாமதிக்கும் என்பதால். அந்தக் கணக்கு கண்டிப்பாக வெளி மெஷினில் இருக்க வேண்டும். இலஞ்சியில் கரண்ட் போனதை இலஞ்சி டெஸ்க்டாப்பே எப்படிச் சொல்லும்?

முதல் வாரத்திலேயே இரண்டு தடவை அலறியது. இரண்டும் நெட் போனது.

இன்னும் தீராத ஒன்று இருக்கிறது. சட்டைப் பையில் அசையாமல் கிடக்கும் போனை ஆண்ட்ராய்டு தூங்க வைக்கும், டோஸ் என்பார்கள். சாதாரண அறிவிப்புகள் அப்போது தாமதமாகும். எங்க டெஸ்ட் போனோ நாள் முழுக்க சார்ஜில் கிடக்கிறது, அதற்குத் தூக்கமே கிடையாது. ஏடிபி கட்டளையால் சார்ஜ் இல்லாத மாதிரி ஏமாற்றி, தூங்க வைத்து, அதன் பிறகு தடை போட்டுப் பார்க்கிறோம். நேற்று அறிவிப்பு வர பதினோரு நிமிஷம் ஆச்சு. அவசர அறிவிப்பாக மாற்றி இன்று ராத்திரி மறுபடி ஓட விடுகிறோம்.