கைக்கு அடங்கும் வலியும் அடங்காத வலியும்

நம் சங்கத்துக் குடும்பங்களில் இடுப்பு வலி எட்டிப்பாராத இல்லம் அரிது. சாமுண்டி மலையின் ஆயிரம் படிகளை ஒரே மூச்சில் ஏறிய இளைஞரும், நாற்பதை அணுகும்போது நாற்காலியிலிருந்து எழக் கை ஊன்றுகின்றனர். அவ்வலி காலில் இறங்கிவிட்டாலோ, உற்றாரும் நண்பரும் மருத்துவராகி விடுகின்றனர். ஒருவர் தைலம் சொல்வார்; மற்றொருவர் வர்மம் என்பார்; வேறொருவர் முதுகை நெட்டி முறித்தால் போதும் என்பார். நான் மருத்துவம் கற்றவன் அல்லன். பத்தாம் வகுப்புத் தேறி, மைசூரு இருப்புப்பாதை நிலையத்தில் எழுத்தராகப் பணி புரிபவன். எனினும் நான் செய்த பிழை ஒன்று பிறருக்குப் பாடமாகலாம் என்று கருதியே இதனை எழுதலானேன்.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில், வேலூரிலிருந்து மாமனார் அனுப்பிய அரிசி மூட்டையை மாடிக்குத் தூக்கினேன். இரண்டு நாள் சென்றதும் வலப்பக்க இடுப்பில் ஒரு குத்தல் தோன்றியது. வாரம் முடிவதற்குள் அது தொடையின் பின்புறமாக இறங்கி, கெண்டைக்காலின் வெளிப்பக்கம் சென்று, பெருவிரல் வரை சுடுகம்பி இழுத்தாற்போல் ஓடியது. இருமினால் வலித்தது, தும்மினால் உயிர் போயிற்று. அலுவலில் அமர்ந்தால் எழ முடியவில்லை. இரவில் படுத்தால் புரள முடியவில்லை. பதவி உயர்வுக்கான துறைத் தேர்வு நெருங்கிக் கொண்டிருந்தது. விடுப்பு எடுத்தால் படிப்பும் வாய்ப்பும் கெடுமென அஞ்சி, வலியை எவரிடமும் முழுமையாகச் சொல்லாமல் மறைத்தேன்.

இந்நோய்க்குச் சியாட்டிகா என்று பெயர். இடுப்புப் பகுதியிலிருந்து புறப்படும் ஐந்து நரம்பு வேர்கள் ஒன்றுகூடிச் சியாட்டிக் நரம்பாகிக் காலில் இறங்குகின்றன. நம் உடலின் நரம்புகளுள் மிகப் பருத்ததும் நீண்டதும் அதுவே. முதுகெலும்புகளுக்கிடையே மெத்தைபோல் அமைந்துள்ள டிஸ்க் என்னும் வட்டு பிதுங்கி ஒரு வேரை அழுத்தினால், வலி தோன்றும் இடம் இடுப்பாயினும் அது கேட்கும் இடம் காலாகிறது. இவ்வுண்மையை 1934இல் அமெரிக்காவில் மிக்ஸ்டர், பார் என்னும் அறுவை மருத்துவர் இருவர் விளக்கமாக வெளியிட்டனர்.

அந்நாளில் நான் இவற்றுள் ஒன்றையும் அறியேன். உடன் பணி புரியும் நண்பர் தம் கைப்பேசியில் ஒரு காட்சியைக் காட்டினார். ஒருவர் நோயாளியைப் பக்கவாட்டில் கிடத்தித் தோளையும் இடுப்பையும் பிடித்து ஒரு திருப்புத் திருப்ப, 'கடக்' என்று ஓசை எழுந்தது. நோயாளி சிரித்தவாறே எழுந்தார். "இதுதான் கைரோபிராக்டிக். பெங்களூரில் செய்கின்றனர். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்" என்றார் நண்பர். தேர்வு நூல்களுக்கென வைத்திருந்த பணத்தை எடுத்து வைத்தேன்.

கைரோபிராக்டிக் என்பது கையால் செய்யும் தொழில் என்னும் பொருளில் கிரேக்கச் சொற்களிலிருந்து அமைத்த பெயர். 1895இல் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்து டாவன்போர்ட் நகரில் டி. டி. பாமர் என்பவர் இதனைத் தொடங்கினார். முதுகெலும்பு இடம் பிறழ்வதே பெரும்பாலான நோய்களுக்கு மூலம் என்பது அவர் கொள்கை. அக்கொள்கையை இன்றைய அறிவியல் ஏற்கவில்லை. ஆயினும் முதுகு வலிக்குக் கைச் சிகிச்சை ஓரளவு பயன் தருகிறது என்பதை அது மறுக்கவும் இல்லை. 'கடக்' என்னும் அவ்வோசையும் எலும்பு இடத்தில் பொருந்தும் ஓசை அன்று. விரல் சொடுக்கும்போது மூட்டு நீரினுள் வாயுக் குமிழி உண்டாவதை 2015இல் எம்.ஆர்.ஐ. படத்தில் கண்டனர், முதுகு மூட்டின் ஓசையும் அவ்வகையினதே என்று கருதுகின்றனர். ஓசை எழுந்ததனால் நோய் தீர்ந்தது என்று கொள்வதற்கில்லை.

பெங்களூர் செல்வதற்கு முதல் நாள் மாலை, என் மகளுடன் கடைக்கு நடந்தேன். ஏழு வயதுக் குழந்தை அவள். வழியில் சட்டென்று நின்று, "அப்பா, உங்கள் வலது செருப்பு மட்டும் ஏன் பட்டுப் பட்டென்று அடிக்கிறது?" என்று கேட்டாள். "பேசாமல் வா" என்று அதட்டினேன். அவள் முகம் வாடிற்று. அவ்வோசையை நானும் பத்து நாளாகக் கேட்டிருந்தேன், கேளாதவன்போல் இருந்தேன்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு கரடி மனை உண்டு. ஊருக்குப் புதியவராகிய தமிழர் இப்பெயரைக் கேட்டு விலங்கை நினைத்து நகைப்பர். கன்னடத்தில் அது மற்பயிற்சிக் கூடம். நம் தமிழிலும் கரடிக்கூடம் என்னும் பழஞ்சொல் உண்டு. தசரா நெருங்கியதால் இளைஞர் செம்மண்ணில் புரண்டு பழகிக் கொண்டிருந்தனர். மல்லர் கையும் நரம்பு வலியும் நெடுநாளைய உறவினர். விஜயதசமியன்று மைசூரு அரண்மனையில் வஜ்ரமுஷ்டிப் போர் புரியும் ஜெட்டிகளை நாம் அறிவோம். தெலுங்கு நாட்டில் அம்மரபினர் உடலைப் பிடித்துவிட்டும் தைலம் தேய்த்தும் நரம்பு வலியைத் தணித்து வந்தனர் என்று 1909இல் வெளியான தம் நூலில் எட்கர் தர்ஸ்டன் குறித்துள்ளார்.

அக்கரடி மனையின் மூத்த ஆசான் எழுபதைக் கடந்தவர். சுளுக்கு எடுப்பதில் தெருவெங்கும் பெயர் பெற்றவர். பெங்களூர்ச் செலவு மிஞ்சட்டுமே என்னும் எண்ணமும் என்னுள் இருந்தது. "அஜ்ஜா, ஒரு தட்டுத் தட்டிவிடுங்கள்" என்று வேண்டினேன்.

அவர் உடனே தொடவில்லை. எத்தனை நாளாக வலி என்று கேட்டார். சிறுநீர் தடையின்றிப் போகிறதா, அமரும் இடத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்டார். பின்னர், "குதிகாலை ஊன்றி விரல்களைத் தூக்கி நட, பார்ப்போம்" என்றார். இடது பாதம் நிமிர்ந்து நின்றது. வலது பாதம் தரையில் விழுந்தது. மீண்டும் முயன்றேன், மீண்டும் விழுந்தது. புரண்டு கொண்டிருந்த இளைஞர் அனைவரும் நின்று பார்த்தனர். என் கண் கலங்கியது.

"பேடப்பா" என்று தலையசைத்தார் பெரியவர். "வலி மட்டும் என்றால் என் கை போதும். வலுவே குறைகிறது என்றால் அது என் கைக்கு அடங்காது. வேறு எவரையும் தொட விடாதே. நாளை விடிந்ததும் மருத்துவமனைக்குப் போ." கொடுத்த காசையும் அவர் வாங்கவில்லை.

மறுநாள் பெங்களூர் வண்டி என்னை விட்டுச் சென்றது. மருத்துவர் என் காலை நீட்டி உயர்த்தியும், விரல்களை எதிர்த்து அழுத்தியும், ஊசி முனையால் தொட்டும் பார்த்தார். இடுப்பின் நான்காம், ஐந்தாம் எலும்புகளுக்கிடையே வட்டு பிதுங்கி, பாதத்தை உயர்த்தும் நரம்பு வேரை அழுத்துவதாகப் படம் காட்டியது. "வலுக்குறைவு கூடிவரும் நிலையில், காரணம் ஆராயாமல் முதுகை வேகமாகத் திருப்புவது தகாது. இனியும் குறைந்தால் அறுவை வேண்டும். குறையாமல் நின்றால் காத்திருக்கலாம்" என்றார் அவர். ஒவ்வொரு வாரமும் என் பெருவிரலின் வலுவை அளந்தனர். அவ்வாரங்களில் என் மனைவி என் முகத்தைப் பார்ப்பதற்கு முன் என் காலைப் பார்ப்பாள்.

நல்வினை இருந்தது, அது மேலும் குறையவில்லை. பிதுங்கிய வட்டு பல வேளைகளில் உடலாலேயே சிறிது சிறிதாகக் கரைக்கப்பட்டுச் சுருங்கிவிடும் என்பதை அப்போது அறிந்தேன். மூன்று மாதம் சென்று கால் வலுப்பெறத் தொடங்கிய பின்னர், இடுப்பில் எஞ்சி நின்ற நாட்பட்ட வலிக்கு உடற்பயிற்சி மருத்துவர் ஒருவரிடம் மருத்துவரே அனுப்பினார். அவர் கையால் மெல்ல அழுத்தியும் அசைத்தும் இறுக்கத்தைத் தளர்த்தினார். அக்கையின் இதத்தை நான் மறுக்க மாட்டேன். அதனினும் பெரிய உதவி, அவர் கற்பித்த பயிற்சிகளும் நாள்தோறும் நடந்த நடையுமே.

ஆகவே, கைச் சிகிச்சையை இகழ்வது என் நோக்கம் அன்று. புதிதாக வட்டுப் பிதுங்கி வலியுற்ற 102 பேரைக் கொண்டு இத்தாலியில் நடத்திய ஆய்வொன்று 2006இல் வெளியாயிற்று. கைரோபிராக்டிக் முறையில் திருப்பிச் சிகிச்சை பெற்றவருள் நூற்றுக்கு 55 பேருக்குக் கால் வலி நீங்கியது. சிகிச்சைபோல் பாவனை மட்டும் செய்யப்பட்டவருள் நூற்றுக்கு 20 பேருக்கே நீங்கியது. தனி நோய்க்காரணம் காணப்படாத நாட்பட்ட இடுப்பு வலிக்குப் பயிற்சியோடு கைச் சிகிச்சையும் உதவலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் வழி கூறியுள்ளது. நம்மில் பலர் நம்பும் இடுப்புப் பட்டையையும், எடை கட்டி இழுப்பதையும் அது பரிந்துரைக்கவில்லை.

ஆனால் கை படுவதற்கு முன் ஆராய்ச்சி வேண்டும். பாதம் தொங்கினாலும், மரத்துப்போதல் பரவினாலும், வலியோடு காய்ச்சலோ காரணமற்ற மெலிவோ சேர்ந்தாலும், முன்பு புற்றுநோய் கண்டிருந்தாலும், முதுமையில் எலும்பு தேய்ந்திருந்தாலும் முதலில் மருத்துவரையே நாட வேண்டும். சிறுநீர் அடைபட்டாலோ, கட்டுக்கு மீறினாலோ, அமரும் இடம் மரத்தாலோ ஒரு நாளும் தாமதிக்கலாகாது; அன்றே மருத்துவமனையை அடைய வேண்டும். கழுத்தை வேகமாகத் திருப்புவதில், அரிதாகவேனும், மூளைக்குச் செல்லும் குருதிக் குழாய் கிழிந்து பக்கவாதம் நேர்ந்ததுண்டு என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

மருந்தை நான்கு கூறாக வகுத்த வள்ளுவர், அவற்றுள் முதலில் வைத்தது மருத்துவரை அன்று, நோயுற்றவனையே. உள்ளதை மறையாமல் சொல்லுதல் அவன் கடமை. நான் அக்கடமையில் தவறினேன். தேர்வை அடுத்த முறை எழுதித் தேறினேன். ஆயினும் என் வலது பெருவிரல் இன்றும் சிறிது சோர்ந்தே எழுகிறது. மறைத்த நாட்களின் வட்டி அது என்று எண்ணிக் கொள்கிறேன்.

தசரா முடிந்து பெரியவரைக் காணப் பழத்தட்டுடன் சென்றேன். அவர் பழத்தைப் பார்க்கவில்லை, "நட" என்றார். குதிகாலில் நடந்து காட்டினேன். உடன் வந்திருந்த என் மகள், அதட்டு வாங்கியதை மறந்து, எனக்குப் பின்னால் தானும் குதிகாலிலேயே நடந்து வந்தாள்.