ராஜா – பியானோ

மாமாவின் தகரப் பெட்டியில் ஒரு கேசட் இருந்தது. அதன் முதுகில் ஒட்டிய தாளில், சட்டை அளவு குறிக்கிற அதே நெருக்கமான எழுத்தில், ‘ராஜா – பியானோ’ என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே ‘இரவல் இல்லை.’

மாமா வாலிகண்டபுரத்தில் தையல் கடை வைத்திருந்தவர். கோடை விடுமுறைக்கு ஆயா வீட்டுக்குப் போனால், இரவு ஒன்பது மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டு வந்து சாப்பிட்டுக் கையைக் கழுவியதும் திண்ணைக்கு டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வருவார். எதிரே வெங்காயப் பட்டறை. காற்று திரும்பினால் திண்ணை முழுக்கச் சின்ன வெங்காய வாசம் அடிக்கும். கயிற்றுக் கட்டிலில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்குக் கேட்காத அளவுக்குச் சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்பார். பியானோ ஒலிக்கும், நிற்கும், வேறொரு பியானோ தொடங்கும். ஒரே ஒரு இடத்தில் ஒரு பெண்குரல் வரும். அந்தக் குரல் வரும்போது மாமா கண்ணை மூடிக்கொள்வார். எனக்கு அப்போது ஒன்பது, பத்து வயது.

“எந்தப் படம் மாமா?”

“படமெல்லாம் இல்லடா. இது ராஜா தனக்குன்னு பண்ணது.”

இந்த ஒரு வாக்கியத்தை முப்பது வருடம் அப்படியே நம்பினேன். இளையராஜா எங்கேயோ தனியறையில் பியானோ முன்னால் உட்கார்ந்து யாருக்காகவும் இல்லாமல் வாசித்ததாகவும், அது எப்படியோ எங்கள் ஊர்த் தையற்காரர் கைக்கு வந்து சேர்ந்ததாகவும்.

தேட வைத்தது ஓர் எரிச்சல். சென்னையில் ஒரு நண்பர் வீட்டில் கரோல் கிங்கின் ‘டேப்பஸ்ட்ரி’ ஓடிக்கொண்டிருந்தது. 1971இல் வந்தது. அமெரிக்காவில் தொடர்ந்து 15 வாரம் முதலிடத்தில் இருந்த ஆல்பம். முன்பு கணவரோடு சேர்ந்து மற்றவர்களுக்காகப் பாட்டு எழுதிக்கொண்டிருந்த பெண், பியானோ முன்னால் உட்கார்ந்து தானே பாடுகிறார். 1960இல் ஷிரெல்ஸ் குழுவுக்கு எழுதிக்கொடுத்த பாட்டு ஒன்றையும் திரும்ப எடுத்து, வேகத்தைக் குறைத்து, தன் மனசுக்குள் முணுமுணுப்பதுபோலப் பாடியிருக்கிறார். கேட்டு முடித்ததும் நண்பர் சொன்னார்: “நம்மகிட்ட இப்படி ஒண்ணு கிடையாது. நம்மாளுங்க போட்டதெல்லாம் ஹீரோவுக்கும் ஹீரோயினுக்கும் போட்டதுதான். தனக்குன்னு யாரும் உட்காரல.”

எனக்குச் சுருக்கென்றது. “இருக்கு” என்றேன். பேர் என்ன என்று கேட்டார். சொல்லத் தெரியவில்லை.

அடுத்த வாரமே ஊருக்குப் போனேன். மாமா காலமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அத்தை பெட்டியைத் திறந்து கேசட்டை எடுத்துக் கொடுத்தார். நாடா முழுக்க வெள்ளைப் பூசணம். திருச்சியில் பழைய ஆடியோ சாமான்களைப் பழுது பார்க்கிறவரிடம் காட்டினேன். ஓட விட்டால் ஒட்டிக்கொண்டு அறுந்துவிடும், ஓட விடாதீர்கள் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆக, கையில் இருந்தது மேலட்டையில் இருந்த இரண்டு சொல்லும் என் ஞாபகமும் மட்டுந்தான். மேலட்டையை நம்பலாமா என்று அன்றைக்குத் தோன்றவில்லை. எழுதியிருக்கும் பெயரை அப்படியே நம்ப முடியாத சிக்கல் எங்கள் ஊருக்கே உண்டு. நாங்கள் சொல்வது வாலிகண்டபுரம். அருணகிரிநாதரின் திருப்புகழில் இருப்பது வாலிகொண்டபுரம். 1751இல் பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் இங்கே மோதிக்கொண்ட சண்டையை எழுதி வைத்தவர்கள் வால்கொண்டா ஆக்கிவிட்டார்கள். மூன்றும் ஒரே வாலீஸ்வரர் கோயிலைச் சுற்றி இருக்கிற ஊர்தான்.

நண்பர்களிடம் விசாரித்தால் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். படம் சாராத இளையராஜா என்றால் ‘ஹவ் டு நேம் இட்?’தான், 1986. அதற்கு அடுத்தது ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு வந்த ‘நத்திங் பட் விண்ட்’, 1988. காலமும் பொருந்தியது. மாமா வைத்திருந்தது முதலாவதாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டி வாங்கிக் கேட்டேன்.

பியானோ எங்கே? முதல் நொடியிலிருந்து முன்னால் நிற்பது வயலின். வி.எஸ். நரசிம்மனின் வயலின். தியாகராஜருக்கும் மேற்கத்திய இசைமேதை பாக்கிற்கும் சமர்ப்பிக்கப்பட்ட ஆல்பம் அது. பத்து உருப்படிகளில் ஒன்றின் பெயர் ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’, பாக்கை என் வீட்டில் சந்தித்தேன் என்று பொருள். அதில் பாக் தனி வயலினுக்கு எழுதிய மூன்றாம் பார்ட்டிட்டாவின் முகப்புப் பகுதி ஓட, நம் ராகம் ஒன்று அதன் தோளில் கைபோட்டுக்கொண்டு கூட நடக்கிறது.

என் கேசட் இது இல்லை என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. ஆனாலும் அதை விட்டு வெளியே வர எனக்கு இரண்டு மாதம் ஆனது. பஸ்ஸில், நடையில், தூங்கப் போகும் முன்னால் என்று அதையே கேட்டேன். பார்ட்டிட்டாவைத் தனியாகத் தேடிக் கேட்டுவிட்டு வந்து மறுபடி இதைக் கேட்டேன். இளையராஜாவைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்ற காலம், லண்டன் டிரினிட்டி கல்லூரித் தேர்வில் கிடாருக்கு வாங்கிய தங்கப் பதக்கம், இசையமைப்பாளர் ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தது, பிறகு 1976இல் முதல் படமான ‘அன்னக்கிளி’. இந்தப் படிப்பில்தான் என் பழைய நம்பிக்கை உடைந்தது. மெட்டு போடும்போது அவர் முன்னால் இருப்பது ஆர்மோனியம். எதிரே இயக்குநர். பின்னணி வாத்தியங்களுக்கான சுரங்களை எழுதும்போதோ எந்த வாத்தியமும் கிடையாது. தாளும் பேனாவும்தான். வயலினுக்கு என்ன, குழலுக்கு என்ன, பியானோவுக்கு என்ன என்று மனசுக்குள் கேட்டதை நேராக எழுதிக் கொடுத்துவிடுகிறார். தனியறையில் பியானோ முன்னால் உட்கார்ந்திருக்கும் ராஜா என்று நான் வைத்திருந்த சித்திரத்துக்கு இதில் எங்கேயும் இடமில்லை.

அப்படியானால் நான் கேட்டது என்ன?

“அது பெரம்பலூர்ல எடுத்தது. பழைய பஸ் ஸ்டாண்டுகிட்ட ஒரு ரெக்கார்டிங் கடை” என்றார் அத்தை, மறுபடி போய்க் கேட்டபோது. அந்த இடத்தில் இப்போது மொபைல் கடை. அங்கிருந்து விசாரித்துக்கொண்டே போய்ச் சிறுவாச்சூர்ப் பக்கம் மகன் வீட்டில் இருந்த பெரியவரைப் பிடித்தேன். எழுபது தாண்டியவர். கடையின் மிச்சமாக இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் வராந்தாவில் ஸ்டூலாகக் கிடந்தன.

முதல் முறை போனபோது பேசவே மறுத்துவிட்டார். மாமா பெயரைச் சொன்னதும் முகம் மாறியது. “வாலிகண்டபுரம் டெய்லரா? அந்தக் கேசட்டப் பத்திப் பேச வேணாம் தம்பி” என்று உள்ளே போய்விட்டார்.

இரண்டாம் முறை, நான் அந்தக் கேசட்டைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மேலட்டையைப் படித்தார். “பியானோன்னு எழுதி வச்சிருக்காரு பாருங்க. நான் கேசட்டுல படத்துப் பேரு இல்லாம எழுதினதே இல்ல. இது எங்கடைல எடுத்ததுதான். ஆனா இதை எங்கடைச் சரக்குன்னு சொல்லமாட்டேன்.” மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. காபி வந்தது. குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

மூன்றாம் முறை எனக்கு ஞாபகம் இருந்ததையெல்லாம் அவரிடம் சொன்னேன். திண்ணை, பட்டறை, சத்தம் குறைத்த டேப் ரிக்கார்டர், நின்று நின்று தொடங்கும் பியானோ. கடைசியில் அந்தப் பெண்குரலைச் சொன்னேன். பெரியவர் நிமிர்ந்து பார்த்தார்.

“அதைக் கேட்டாரா? நிறுத்தாமக் கேட்டாரா?”

“கண்ணை மூடிக்கிட்டுக் கேட்பார் ஐயா.”

எழுந்து உள்ளே போனார். நீளவாக்கில் மடித்த ஒரு கணக்கு நோட்டோடு வந்தார். வருடவாரியாகப் பாட்டுப் பட்டியல்கள். கேசட் பதியக் கொடுக்கிறவர்கள் தங்கள் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும் பட்டியலை இவர் நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறார். 1987க்கான பக்கத்தில் மாமாவின் எழுத்து. அறுபது நிமிடக் கேசட், ஒரு பக்கத்துக்கு 34 வரிகள். சாதாரணமாக ஒரு பக்கத்துக்கு ஆறேழு பாட்டுத்தான் பிடிக்கும். ஒவ்வொரு வரியிலும் ஒரு படத்தின் பெயர், பக்கத்தில் ‘மு’ அல்லது ‘இ’. அடியில் விளக்கம்: மு என்றால் முன்னிசை மட்டும். இ என்றால் இடையிசை மட்டும். பி பக்கத்துக்கு ‘இதையே மறுபடி’ என்று எழுதியிருந்தார்.

“துணிய வெட்டுற மாதிரி பாட்ட வெட்டச் சொன்னாரு. பியானோ வர்ற பிட்டு மட்டும் வேணும், பல்லவி ஒரு எழுத்துகூட வரக் கூடாதுன்னாரு. நான் மாட்டேன்னுட்டேன். பாட்ட வெட்டறது பாவம் தம்பி. பாடினவங்க இருக்காங்க, எழுதினவங்க இருக்காங்க. மூணு மாசம் நடையா நடந்தாரு.”

“அப்புறம் எப்படி ஒத்துக்கிட்டீங்க?”

“ஒரு விஷயம் சொன்னாரு. பாட்டு ஆரம்பிச்சிட்டா அது படத்தோடது, ஹீரோவோடது, டைரக்டர் கேட்டு வாங்கினது. குரல் வர்றதுக்கு முந்தி இருக்கே, அந்த முப்பது செகண்டு, அதை யாரும் அவருகிட்ட கேக்கல. அது ராஜா தனக்குன்னு பண்ணதுன்னாரு. எனக்குப் பதில் சொல்லத் தெரியல.”

நான் அந்த நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு மாதம் படித்து நான் தெரிந்துகொண்டது, மெட்டு எதிரே உட்கார்ந்திருக்கும் இயக்குநரோடு உருவாவது, முன்னிசையும் இடையிசையும் ராஜா தனியே தாளில் எழுதுவது என்பதெல்லாம், வாலிகண்டபுரத்தில் மிதிமெஷினில் உட்கார்ந்திருந்த ஒருவருக்குக் காது வழியாகவே தெரிந்திருக்கிறது. மாமா பொய் சொல்லவில்லை. படத்துப் பெயரைக் கேட்ட சிறுவனுக்கு அவர் கண்டுபிடித்ததைத்தான் சொல்லியிருக்கிறார். கரோல் கிங் மற்றவர்களுக்குக் கொடுத்த பாட்டைத் தனக்கெனத் திரும்ப எடுத்துக்கொண்டார். இங்கே அந்த வேலையைக் கேட்பவர் செய்திருக்கிறார், காசு கொடுத்து, ஒரு ரெக்கார்டிங் கடைக்காரரோடு சண்டை போட்டு. நம்மிடம் அப்படி ஒன்று இல்லை என்ற நண்பரிடம் இப்போது எனக்குச் சொல்லப் பெயர் இருக்கிறது. ‘ராஜா – பியானோ’, 1987, பெரம்பலூர்.

எப்படி வெட்டினார் என்று கேட்டேன். இப்போது பெரியவருக்கே பேச ஆசை வந்துவிட்டது. இசைத்தட்டு ஒரு பக்கம் ஓடும், டெக்கில் கேசட் ஓடும், விரல் பாஸ் பட்டனில். “பாடுறவங்க மூச்ச இழுப்பாங்க. நல்ல ரெக்கார்டா இருந்தா அது காதுக்குக் கேக்கும். அதுக்கு முந்தி அமுக்கணும். கொஞ்சம் பிந்தினா முதல் எழுத்து விழுந்திரும். விழுந்தா உங்க மாமா திருப்பிக் கொண்டாந்துருவாரு. ஆறு தடவ கொண்டாந்தாரு. ஒவ்வொரு தடவையும் எது எதுல எழுத்து விழுந்திருக்குன்னு சீட்டு எழுதிட்டு வருவாரு.”

அந்தச் சீட்டுகளும் நோட்டில் இருந்தன. ஒவ்வொன்றிலும் வரிசை எண்கள் மட்டும், பக்கத்தில் சுழி. ஆறாவது சீட்டில் ஒரே ஒரு எண்: 19.

பட்டியலில் 19ஆவது வரி, ‘ஜானி – மு’. மகேந்திரன் எடுத்த படம், 1980. ஸ்ரீதேவி அர்ச்சனா என்கிற பாடகியாக வருவார். ஜென்சி பாடிய ‘என் வானிலே’ அதில்தான் இருக்கிறது, பியானோவில் தொடங்குகிற பாட்டு. திண்ணையில் நான் கேட்ட பெண்குரல் அதுதான்.

“இதுல மட்டும் எப்படி ஐயா தவறிடுச்சு?”

“தவறல” என்றார். “மத்ததெல்லாம் வெட்டினேன். இதுல விரல் பட்டன்மேலதான் இருந்துச்சு. அந்தப் பொண்ணு குரல வெட்ட எனக்கு மனசு வரல. அஞ்சு தடவ கொண்டாந்தாரு, அஞ்சு தடவையும் மத்ததத் திருத்திட்டு இத மட்டும் முழுசா விட்டேன். ஆறாவது தடவ இது ஒண்ணுக்காகவே வந்தாரு. வாங்கி வச்சுக்கிட்டேன். மறுநா அப்படியே எடுத்துக் குடுத்தேன், ஒண்ணும் பண்ணாம. பெறகு வரல. கோவத்துல வேற கடைக்குப் போயி அழிச்சிருப்பாருன்னு இத்தன வருசமா நெனச்சிட்டிருந்தேன்.”

கேசட்டை அவரிடமே கொடுத்துவிட்டு வரலாம் என்று நீட்டினேன். வாங்கவில்லை. வாங்காமலே அதன் மேல்விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். மேலே எதுவும் பதியாமல் இருக்க, இரண்டு மூலையிலும் இருக்கிற சின்னப் பிளாஸ்டிக் தகட்டை உடைத்துவிடுவார்கள். கடையில் உடைத்துக் கொடுப்பதில்லை, வாங்குகிறவர்தான் வீட்டில் உடைத்துக்கொள்வார்.

இரண்டு தகடும் உடைக்கப்பட்டிருந்தன.