கொளத்தூரில் கடலைக் குளிர்விப்பவர்கள்

கொளத்தூரின் வண்ணமீன் கடைத்தெருக்களில் கண்ணை நிறைப்பவை எல்லாம் நன்னீர் மீன்கள். பாலிதீன் பைகளில் ஃபைட்டர், கப்பி, தங்கமீன், ஏஞ்சல். சுற்றுவட்டாரத்தில் தொட்டி கட்டி மீன் பெருக்கி விற்றே பல குடும்பங்கள் பிழைக்கின்றன. கடல்மீன் தொட்டியை இங்கே ‘மெரைன்’ என்று தனியாகச் சொல்கிறார்கள். அந்த வேலை தெரிந்தவர்கள் குறைவு. பவளம் உயிரோடிருக்கும் தொட்டியைச் சென்னை வெயிலில் நிலைநிறுத்தத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்படி இருவரோடு ஒரு கோடையில் அலைந்தேன். ஒருவர் கண்ணாடி ஒட்டுபவர், மற்றவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக்.

பவளத் தொட்டி என்றால் நீல விளக்கையும் கோமாளி மீனையும் பற்றித்தான் பேச்சு வரும். இந்த ஊரில் அந்தப் பவளம் பிழைப்பது இவர்கள் இருவரின் கைவேலையால்தான் என்பது அந்தக் கோடையில் எனக்குப் புரிந்தது.

கண்ணாடிக்காரரின் பட்டறை ஒரு சந்துக்குள், தகரக் கூரைக்கு அடியில் இருக்கிறது. நுழைந்ததுமே வினிகர் வாடை மூக்கில் ஏறும். சிலிக்கான் காயும்போது வெளிவரும் அசிட்டிக் அமில வாடை அது. அந்த வாடை முற்றிலும் போகும்வரை தண்ணீர் விட அவர் சம்மதிப்பதில்லை. பெரிய தொட்டி என்றால் ஒரு வாரம் காயவிடுகிறார். குளியலறைக்கென்று விற்கும் பூஞ்சைத் தடுப்புச் சிலிக்கான் அவர் பட்டறைக்குள் வரக்கூடாது. அதில் கலந்த மருந்து தண்ணீரில் கசிந்தால் இறாலும் நத்தையும் தாங்காது.

அன்று அவர் ஒட்டிக்கொண்டிருந்தது நாலுக்கு ரெண்டுக்கு ரெண்டு அடித் தொட்டி, 12 மில்லிமீட்டர் கண்ணாடி. பெரம்பூரில் ஒரு பள்ளி ஆசிரியை வீட்டுக்குப் போகவேண்டியது. ஓரங்களை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். இரண்டு பக்கமும் டேப் ஒட்டினார். பிறகு துப்பாக்கியை மூலையில் வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு, நிறுத்தாமல் ஒரே இழுப்பில் சிலிக்கானை இறக்கினார். நடுவில் நின்றால் அங்கே காற்றுக்குமிழி உட்காரும், கசிவு அங்கேதான் தொடங்கும். பதினைந்து பதினாறு வயதில் கற்ற வேலை என்றார். அந்த இழுப்பைப் பார்த்தாலே வருஷங்கள் தெரிகின்றன.

“தண்ணி மூலைய உடைக்காது சார். நடுக்கண்ணாடிய வெளிப்பக்கம் வளைக்கும். வளையுறப்ப ஒட்டு விட்டுக் கொடுக்காம நிக்கணும்” என்றார். அதற்காகத்தான் மேல்விளிம்பில் கண்ணாடிப் பட்டி வைத்து இறுக்குகிறார்.

இந்த அளவுத் தொட்டி சுமார் 450 லிட்டர் பிடிக்கும். கண்ணாடி, பாறை, ஸ்டாண்ட், கீழே வைக்கும் ‘சம்ப்’ என்ற துணைத்தொட்டி எல்லாம் சேர்ந்தால் எடை 600 கிலோவைத் தாண்டும். ஆசிரியையின் வீடு முதல் மாடியில். கூடத்தின் நடுவில் வைக்க அவருக்கு ஆசை. கண்ணாடிக்காரர் கீழ்வீட்டுக்குப் போய்ச் சுவர் எங்கே ஓடுகிறது என்று பார்த்துவிட்டு வந்து, “அந்தச் சுவத்துக்கு மேலதான் டீச்சர் உக்காரணும், வேற இடம் கிடையாது” என்று சொல்லிவிட்டார். ஸ்டாண்டின் நான்கு மூலைக்கும் ரசமட்டம் வைத்துப் பார்த்தார். ஒரு கால் தாழ்ந்திருந்தாலும் பாரமெல்லாம் ஒரு மூலைக்குப் போய்விடும்.

அடுத்தது தண்ணீர். சென்னையின் போர் தண்ணீரில் வேண்டாத உப்புகள் ஏராளம். ஆர்.ஓ. கடந்து, அயனி நீக்கும் பிசினும் கடந்து, கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். கருவி பூஜ்ஜியம் காட்டும் நீரில்தான் கடலுப்புக் கலவையைக் கரைக்கவேண்டும். 450 லிட்டருக்குச் சுமார் 16 கிலோ. ஒப்படர்த்தி 1.025இல் நிற்கவேண்டும், லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்று கணக்கு. மெரினாவில் குடத்தில் மொண்டு வரலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கூவமும் அடையாறும் வந்து விழும் கரையோரத் தண்ணீரை நம்பி ஓர் உயிரை அதில் விட எனக்கு மனம் வராது.

பாறைதான் இந்தத் தொட்டியின் வடிகட்டி. 1961இல் ஜகார்த்தாவின் லீ சின் எங், கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறையும் காற்றுக் குமிழிகளும் இருந்தால் வீட்டுத் தொட்டியில் பவளம் வளர்க்கலாம் என்று ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் எழுதினார். பாறைத் துளைகளில் குடியிருக்கும் நுண்ணுயிரிகள் மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்குகின்றன. லீ செய்ததுபோல் நம் கரையில் பவளப்பாறையை அள்ளி வர முடியாது, அள்ளவும் கூடாது. ஆசிரியை வாங்கியது காய்ந்த பாறை. அதில் நுண்ணுயிரி குடியேற ஒன்றரை மாதமோ அதற்கு மேலோ பொறுத்திருக்கவேண்டும். மீனில்லாத தொட்டியைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கும் இந்தப் பொறுமை பலருக்கு இல்லாததால்தான் கோமாளி மீன்கள் அநியாயமாகச் சாகின்றன.

மெக்கானிக்கை வில்லிவாக்கத்தில் அவர் பட்டறையில் பார்த்தேன். பிரித்துப் போட்ட கம்ப்ரஸர்கள், கேஸ் சிலிண்டர், கேஜ். ஃபிரிட்ஜும் ஏ.சி.யும் பார்த்துக்கொண்டிருந்தவர், யாரோ ஒருவர் கொண்டுவந்த சில்லரைப் பிரித்துப் பார்த்த நாளிலிருந்து இதில் இறங்கிவிட்டார். சில்லர் என்பது தண்ணீரைக் குளிர்விக்கும் பெட்டி. பம்ப் தொட்டித் தண்ணீரை அதற்குள் தள்ளும். உள்ளே குளிர்ந்த சுருள்குழாயில் உரசி மறுபடி தொட்டிக்கே போகும்.

அலமாரியிலிருந்து ஒரு சுருளை எடுத்துக் கையில் கொடுத்தார். யாரோ செலவைக் குறைக்க ஸ்டீல் குழாயில் செய்தது. அங்கங்கே ஊசி குத்தியதுபோல் அரித்திருந்தது. “ஃபிரிட்ஜுல இருக்கிற மாதிரி செப்புக்குழாய் போட்டாங்கன்னா இன்னும் மோசம்ணே. உப்புத்தண்ணி செம்ப கரைக்கும், கரைஞ்ச செம்பு தொட்டியில இருக்கிற அத்தனையும் கொன்னுடும்.” முதுகெலும்பில்லாத உயிர்களுக்குச் செம்பு கொடிய நஞ்சு. அதனால் டைட்டானியம் குழாய்தான். சில்லரின் விலையில் பெரும்பங்கு அந்தக் குழாய்க்குத்தான் போகிறது.

பழைய சின்ன ஃபிரிட்ஜுக்குள் ரப்பர் குழாயைச் சுருட்டிவைத்து அதன் வழியே தண்ணீரை ஓட்டினால் போதாதா என்று கேட்டேன். இதே கேள்வியோடு அவரிடம் மாதம் யாராவது வருகிறார்களாம். ஃபிரிட்ஜ் ஏற்கெனவே குளிர்ந்த பொருளைக் குளிராக வைத்திருக்கச் செய்யப்பட்டது. ஓயாமல் வந்துகொண்டே இருக்கும் வெப்பத்தை வெளியே இறைக்க அதன் சின்னக் கம்ப்ரஸருக்குத் தெம்பில்லை. போதாததற்கு ரப்பர் வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஓடி ஓடிக் கம்ப்ரஸர் எரியும், தண்ணீர் ஒரு டிகிரிகூட இறங்காது.

ஐஸ் பாட்டிலையும் ஃபேனையும் பற்றி அவர் சொன்னதை வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 450 லிட்டரை 1 டிகிரி இறக்க 450 கிலோகலோரி வெப்பத்தை எடுக்கவேண்டும். ஒரு கிலோ ஐஸ் உருகித் தொட்டிச் சூட்டுக்கு வரும்வரை எடுப்பது நூற்றுச் சொச்சம். அதாவது ஒரு லிட்டர் பாட்டிலை உறையவைத்து மிதக்கவிட்டால் கால் டிகிரிதான் குறையும். ஆனால் ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 580 கிலோகலோரியை எடுத்துக்கொண்டு போகிறது. ஐந்து ஐஸ் பாட்டிலுக்கு மேல் செய்யும் வேலையை, மேலே ஓடும் ஒரு சின்ன ஃபேன் ஒரு லிட்டரை ஆவியாக்கிச் செய்துவிடுகிறது.

அப்படியென்றால் ஃபேனே போதுமே? உலர்ந்த காற்றடிக்கும் ஊரில் பெரும்பாலும் போதும். சென்னையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு வரும்போது தண்ணீர் ஆவியாக மறுக்கிறது. காற்றிலுள்ள ஈரம் அனுமதிக்கும் எல்லைக்குக் கீழே எந்த ஃபேனாலும் தண்ணீரைக் குளிர்விக்க முடியாது. நம் கோடையில் அந்த எல்லையே 27, 28 டிகிரி வரை போய்விடுகிறது. ஆவியாவது நன்னீர் மட்டும் என்பதால் உப்பு தொட்டியிலேயே தங்கிச் செறிவு கூடும். தினமும் உப்பில்லாத தூயநீரை ஊற்றி ஈடுகட்டவேண்டும். விற்பவர்கள் இதை வாங்குபவரிடம் சொல்வதே இல்லை என்பது என் மனக்குறை.

குளிர்விப்பதற்கு முன்னால் சூட்டைக் குறைக்கவேண்டும் என்பது மெக்கானிக்கின் முறை. தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் பம்ப் தின்னும் மின்சாரம் கடைசியில் தண்ணீரின் சூடாகவே முடிகிறது. அதனால் ஆசிரியை வீட்டில் முதலில் பழைய பம்பை எடுத்துவிட்டு, குறைந்த வாட்டில் ஓடும் டி.சி. பம்ப் போட்டார். விளக்கு எல்.இ.டி., அதுவும் மாலையில் தொடங்கி இரவில் அணையும்படி. ஸ்டாண்டின் கதவைக் கழற்றினார். சில்லரை அந்த மரப்பெட்டிக்குள் அடைத்து வைப்பதுதான் எங்கும் வழக்கம். அது தண்ணீரிலிருந்து எடுத்த சூட்டைப் பெட்டிக்குள்ளேயே துப்பி, அந்தச் சூட்டுக் காற்றையே மறுபடி இழுத்துத் திணறும். சுவரில் துளைபோட்டு, குழாய்க்கு ஃபோம் உறை சுற்றி, கால் எச்.பி. சில்லரைப் பால்கனி நிழலுக்குக் கொண்டுபோனார். ஸ்டெபிலைஸர் ஒன்றும் சேர்த்தார்.

கன்ட்ரோலரில் 26 என்று வைத்தார். மன்னார் வளைகுடாவில் கோடை நீர் அதைவிடச் சூடாகத்தானே இருக்கும், 28இல் வைத்தால் கரண்ட் மிச்சமாகாதா என்று ஆசிரியை கேட்டார்.

“கரண்ட் போச்சுன்னா மூணு டிகிரி ஏற இடம் வேணும் டீச்சர். 28ல வச்சிருந்தா இடம் ஏது?”

அந்த இடம் எதற்கு என்பது பவளத்தின் உடம்பைத் தெரிந்தால் விளங்கும். அதன் திசுக்களுக்குள் நுண்பாசிகள் குடியிருந்து, ஒளியில் உணவு சமைத்துக் கொடுக்கின்றன. பழகிய கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரங்கள் நீடித்தாலே பவளம் அந்தப் பாசிகளை வெளியேற்றிவிட்டு வெளுக்கிறது. பிறகு பட்டினி. சூடேறிய நீரில் பிராணவாயுவும் குறைகிறது. 26 டிகிரிக் கடல்நீர் லிட்டருக்குச் சுமார் 6.6 மில்லிகிராம் கரைத்து வைத்திருக்கும், 32இல் 6தான். அந்தச் சூட்டில் மீனுக்கோ மூச்சு அதிகம் வேண்டும். அதனால் மின்வெட்டில் முதலில் ஓடவேண்டியது பேட்டரிக் காற்றுமோட்டார், சில்லர் அதற்கப்புறம்தான்.

செலவையும் சொல்லவேண்டும். சுமார் 250 வாட் இழுக்கும் சில்லர் கோடையில் நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் 3 யூனிட். இரண்டு மாதக் கணக்கில் 180 யூனிட். இதைத் தாங்க முடியாதவர் நன்னீர்த் தொட்டி வைக்கலாம், அதிலும் அழகு உண்டு. பவளத்தை வாங்கிவந்து கோடையில் வேகவைப்பதைப் பொழுதுபோக்கு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

எந்தப் பவளம் என்பதும் முக்கியம். பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும், கடல் விசிறிகளும், 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. நம் கடலிலிருந்து அவற்றைப் பெயர்ப்பது குற்றம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இலேயே தேசியப் பூங்காவாயின. அதற்கு முன்னும் பின்னும் சுண்ணாம்புச் சூளைக்கென்று அங்கே வெட்டி எடுத்தது கொஞ்சமல்ல. மிஞ்சியவை 2010இலும் 2016இலும் கோடைச் சூட்டில் பெருமளவு வெளுத்தன. பெரம்பூரில் ஒரு தொட்டியின் இரண்டு டிகிரிக்கு இத்தனை பேர் பாடுபடுவதைப் பார்த்த பிறகு, அந்தச் செய்திகளைப் படிக்கும்போது வயிற்றைப் பிசைகிறது. மீனைப் பொறுத்தவரை ஒரு நல்ல வழி இருக்கிறது: மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிப்பகத்திலேயே பெருக்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. தொட்டியில் பிறந்த மீன்தானா என்று கேட்டு வாங்கலாம், கேட்கவேண்டும்.

ஆசிரியை தேர்ந்தெடுத்தது லெதர் என்று இவர்கள் சொல்லும் மென்பவளம். அதை வெட்டி நட்டால் துண்டு தனிப் பவளமாக வளரும். இன்னொரு வீட்டுத் தொட்டியில் பல வருஷம் வளர்ந்ததிலிருந்து ஒரு துண்டு தருவதாகப் பேச்சு. பட்டன் பவளம் வேண்டாம் என்று கண்ணாடிக்காரர் தடுத்துவிட்டார். அதில் சில வகைகளில் பாலிடாக்ஸின் என்ற கடும் நஞ்சு உண்டு, வீட்டில் குழந்தை இருக்கிறது.

துண்டு தயாராக இருந்தும் மெக்கானிக் விடவில்லை. அக்னி நட்சத்திரம் முழுக்க வெறும் தண்ணீரும் பாறையுமாக ஓட்டச் சொன்னார். மதியம் இரண்டு மணிக்கும் இரவு பத்து மணிக்கும் சூட்டைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதவேண்டும். ஆசிரியை, மாணவர்களின் பழைய கட்டுரை நோட்டு ஒன்றின் மிச்சப் பக்கங்களில் கோடுபோட்டு எழுதினார். பெரும்பாலும் 26, 26.5. மின்வெட்டு நீண்ட ஒரு மதியம் மட்டும் 27.8.

ஜூன் முதல் வாரத்தில் மெக்கானிக் வந்து நோட்டைப் புரட்டினார். பால்கனியில் சில்லரின் கண்டென்சரில் அடைந்திருந்த தூசியையும் பஞ்சையும் பிரஷ்ஷால் தட்டினார். மாதம் ஒருமுறை இதைச் செய்யாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதும் வீண் என்று திரும்பவும் சொன்னார். பிறகு, “நீங்க ஊருக்குப் போறப்ப யாரு பார்த்துக்குவாங்க?” என்றார்.

கீழ்வீட்டுக் கல்லூரிப் பையனைக் கூப்பிட்டார்கள். மெயினை அணைத்துவிட்டு, இப்போது என்ன செய்வாய் தம்பி என்று கேட்டார் மெக்கானிக். பையன் பேட்டரி மோட்டாரைத் தேடி எடுத்து, குழாயைத் தண்ணீருக்குள் விட்டு, குமிழி வருகிறதா என்று குனிந்து பார்த்தான். கரண்ட் வந்ததும் சில்லர் உடனே ஓடாமல் சில நிமிடம் தாமதிக்கும், பதறி ஸ்விட்ச்சைத் தட்டக்கூடாது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார். இன்னொருமுறை அணைத்து, இன்னொருமுறை செய்யச் சொன்னார்.

“இப்ப வைங்க டீச்சர்” என்றார்.