முடிவு யார் கையில்?

இராயபுரத்தில் எம் இல்லத்தார் வைகுண்ட ஏகாதசி இரவில் பரமபதம் ஆடுதல் வழக்கம். பகடை வீழ்ந்தபடி ஏணியோ பாம்போ வாய்க்கும். ஆடுவோர் தெரிந்தெடுப்பது யாதுமில்லை.

கதைமாந்தராய் நின்று ஆடும் கணினி விளையாட்டுக்களோ, முடிவு நம் கையிலென்று நம்பச் செய்கின்றன. 2012 மார்ச்சில் ‘மாஸ் எஃபெக்ட் 3’ வெளிவந்தது. மூன்று பாகங்களிலும் ஆராய்ந்து தெரிந்தெடுத்து வந்தோர், ஈற்றில் செம்மை, நீலம், பசுமை என்னும் ஒளிவேறுபாடன்றிப் பெரும்பாலும் ஒரே காட்சியைக் கண்டு வெகுண்டனர். ஜூன் மாதத்தில் விரித்தமைத்த முடிவு விலையின்றி அளிக்கப்பெற்றது.

திருவொற்றியூர்க் கதை வேறு. சங்கிலியாரைப் பிரியேனெனச் சத்தியம் செய்ய நேர்ந்த சுந்தரர், அவ்வேளையில் இறைவனை மகிழடிக்கு அகன்றிருக்க வேண்டினார். தோழியரோ மகிழடியிலேயே சத்தியம் வாங்கினர். பின்னர் அவர் ஊரெல்லை கடந்ததும் கண்ணொளி மறைந்தது என்கிறது பெரியபுராணம். அங்கே சொன்ன சொல் மறக்கப்படவில்லை.

எம்முடன் பயின்ற நண்பரொருவர், தந்தையார் நோயுற்றமையால், கல்லூரி விடுத்து எண்ணூரில் வேலைக்குச் சென்றார். “எவ்வழிச் செல்லினும் முடிவு எண்ணூர்தானே” என்று நகைத்தார். யாம் மறுமொழி கூறவில்லை. அவர் ஊதியத்தால் அவர் தங்கை இன்று பள்ளி செல்கின்றாள். தம் முடிவை அவர் மாற்றினாரோ, அறியோம். தங்கையின் முடிவை மாற்றிவிட்டார். அன்பர்களே, தெரிந்தெடுத்தலின் பயனை நம் முடிவில் மட்டும் தேடுதல் தகுமோ?