டைல்ஸைக் கீறுவது யார்?



பெருநாள் நெருங்கி வீடு கழுவத் தொடங்கினால் எங்கள் காத்தான்குடியில் பல வீடுகளில் ஒரே சத்தம்தான். "கதிரைய இழுக்காத மகன், டைல்ஸ் கீறும்!" அடுத்தது உம்மம்மாவுக்கு: "பொல்ல மெதுவா ஊண்டுங்க உம்மா."

இந்தக் கவலை எனக்கு விளங்குகிறது. வாப்பாமார் கட்டாரிலும் சவூதியிலும் வருடக்கணக்கில் உழைத்து மகளுக்கென்று கட்டிய வீடுகள் இவை. ஆனால் ஏச்சு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் குற்றமில்லாதவர்கள்.

டைல்ஸைக் கீறுவது மணல். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில், மணலில் நிறைந்திருக்கும் குவாட்ஸின் அளவு 7. டைல்ஸின் மேலுள்ள கண்ணாடிப் பூச்சு பொதுவாக 5, 6 அளவில்தான் இருக்கும். மரக் கதிரையின் கால் அதைவிட எவ்வளவோ மெது. அந்தக் காலுக்கு அடியில் சிக்கிய மணல்தான் கீறுகிறது. பழைய கண்ணாடிப் போத்தலில் ஈர மணலைத் தேய்த்துக் காட்டினால் பிள்ளைகளுக்கு ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும்.

எங்கள் முற்றமெல்லாம் மணல். செருப்பை வெளியே கழற்றினாலும், முற்றத்துக் குழாயில் வுழூ செய்துவிட்டு ஈரக் காலோடு வரும்போது மணலும் கூடவே வரும். ஆகவே காவல் வாசலில் தொடங்க வேண்டும். வாசலுக்கு வெளியே ஒரு தும்புக் கால்மிதி, உள்ளே ஒரு துணிக் கால்மிதி. இரண்டையும் அடிக்கடி உதறுங்கள். கூட்டாமல் ஈரத்துணி போட வேண்டாம். அது மணலை வீடு முழுக்கத் தேய்ப்பதுதான்.

கதிரை, மேசைக் கால்களுக்கு இறப்பர் மூடி போடலாம். பழைய சைக்கிள் டியூப்பை வெட்டிக் கட்டினாலும் போதும். மாதம் ஒருமுறை கவிழ்த்துப் பார்த்து, ஒட்டிய மணலைத் தட்டிவிடுங்கள். அலுமாரியை நகர்த்தும்போது கால்களுக்கு அடியில் பழைய போர்வையை மடித்துப் போட்டு இழுங்கள்.

இரும்புக் கால் பட்ட கறுப்புக் கோடு எப்போதும் கீறல் என்று நினைக்க வேண்டாம். நகத்தால் தடவிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்படாவிட்டால் அது ஒட்டிய இரும்பாக இருக்கலாம். சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் தேய்த்தால் அநேகமாகப் போய்விடும். கறைக்கு அசிட் மட்டும் ஊற்றாதீர்கள். டைல்ஸுகளுக்கு இடையிலுள்ள சீமெந்தை அது அரிக்கும்.

இனிப் புதிதாக டைல்ஸ் எடுப்பவர்கள் பெட்டியில் பி.ஈ.ஐ. என்று போட்டிருக்கிறதா எனப் பாருங்கள். பூச்சு எவ்வளவு தேய்மானம் தாங்கும் என்பதை அது காட்டும்; 5 தான் ஆகக் கூடியது. மணல் முற்றமுள்ள வீட்டு ஹோலுக்கு 4 நல்லது.

கடைசியாக, வீட்டிலுள்ள முதியவர்களின் பொல்லையும் வோக்கரையும் இன்றைக்கே திருப்பிப் பாருங்கள். அடியிலுள்ள இறப்பர் தேய்ந்து உலோகம் தெரிந்தால் டைல்ஸும் கீறும், அவர்களும் வழுக்கி விழுவார்கள். புது இறப்பர் மூடிக்குப் பெரிய செலவில்லை. டைல்ஸ் உடைந்தால் ஒன்றை மாற்றிப் பதிக்கலாம். எழுபது வயதில் இடுப்பெலும்பு உடைந்தால் பழையபடி எழுந்து நடப்பது எல்லோருக்கும் முடிவதில்லை.