நிஷிகசாயில் ஓர் ஆரணிக்காரன்

ஆரணிக்குப் போன் போட்டால் அம்மா பேச்சுக்குப் பின்னால் தறிச் சத்தம் கேட்கும். விடிந்தால் எங்கள் தெருவுக்கு அதுதான் கடிகாரம். இங்கே டோக்கியோவில் ராத்திரி பத்து மணிக்கு மேல் வாஷிங் மெஷின் ஓடினால், மறுநாள் லிஃப்ட் பக்கத்தில் நோட்டீஸ் ஒட்டிவிடுவார்கள். யார் பெயரும் இருக்காது. யாருக்கு என்று எல்லோருக்கும் தெரியும்.

நான் இருப்பது எடோகாவா வார்டின் நிஷிகசாய். நம்மவர்கள் நிறைந்த பேட்டை. புளி, பருப்புக்குப் பஞ்சமில்லை. பாடாய்ப் படுத்துவது குப்பைதான். எரியும் குப்பைக்குத் தனிக் கிழமை, பெட் பாட்டிலுக்குத் தனிக் கிழமை. பாட்டிலின் மூடியைக் கழற்றி, லேபிளை உரித்து, அலசி, நசுக்கிப் போட வேண்டும். நம் ஊர்க் கமண்டல நாக நதிக் கரையில் கிடக்கும் குப்பையை நினைத்தால் இந்தக் கெடுபிடி தேவலை.

கியோத்தோ போகிறவர்கள் கோயில்களோடு நிஷிஜின்னையும் பாருங்கள். 1872-இல் மூன்று பேரை பிரான்ஸின் லியோனுக்கு அனுப்பி ஜக்கார்டு தறியைக் கொண்டுவந்த பட்டு நெசவுப் பேட்டை அது. நான் போனபோது தறியில் இருந்த பெரியவர், அறுந்த பாவு இழையைக் கட்டைவிரலில் உருட்டி முறுக்கி இணைத்தார். அப்படியே எங்கப்பா கை! அங்கேயும் பிள்ளைகள் தறிக்கு வருவதில்லையாம். நானும் அந்தக் கணக்கில்தான் சேர்த்தி.

புதிதாக வரும் தம்பி, தங்கைகளுக்கு: வீடு மாறினால் 14 நாளுக்குள் வார்டு ஆபீஸில் பதிந்துவிடுங்கள். ரெசிடென்ஸ் கார்டு எப்போதும் பையில் இருக்கட்டும்.